மரத்தில் எழுந்தருளிய தாளம்

பிட்ஸ்பர்க் நகரத்தில் சாலையோர மரம் ஒன்று நோய் கண்டோ காற்றில் சாய்ந்தோ போனால், நகராட்சி ஆட்கள் வந்து அறுத்துத் துண்டு போட்டு அப்புறப்படுத்துவார்கள். அந்தத் துண்டுகளில் நல்ல கட்டைகள் சில, பல பத்தாண்டுகளாக, ஒரு மனிதரின் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தன. அவர் பெயர் தாடியஸ் மோஸ்லி. 1926ல் பென்சில்வேனியா மாநிலத்தின் நியூ காசில் என்ற ஊரில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். கடற்படையில் இருந்துவிட்டு வந்து, பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமும் இதழியலும் படித்து 1950ல் பட்டம் வாங்கினார். கறுப்பின மக்களின் புகழ்பெற்ற இதழான பிட்ஸ்பர்க் கூரியரில் எழுதினார். குடும்பத்தைக் காப்பாற்ற அஞ்சல் துறையில் சுமார் 40 ஆண்டுகள் உழைத்தார். சிற்பத்தை யாரிடமும் முறையாகப் பயின்றதில்லை. வேலை முடிந்து வந்த பிறகு கொட்டாப்புளியையும் உளியையும் எடுத்துக்கொண்டு மரத்தின் முன்னால் நின்றார்.

முதல் தூண்டுதல் எவ்வளவு எளிய இடத்திலிருந்து வந்தது என்று நினைத்தால் எனக்குக் கண் கலங்குகிறது. 1950களில் நகரத்துப் பெரிய கடை ஒன்றில் ஸ்காண்டிநேவிய நாற்காலி மேசைகளைப் பரப்பி, நடுநடுவே தேக்கில் கடைந்த சிறு பறவைகளையும் மீன்களையும் அழகுக்காக வைத்திருந்தார்கள். இதை நாமே செய்யலாமே என்று மோஸ்லிக்குத் தோன்றியது. அவ்வளவுதான்! அந்தச் சின்னப் பறவை அவரை எங்கெல்லாம் தூக்கிக்கொண்டு பறந்தது! 1968ல் பிட்ஸ்பர்க் கார்னகி கலைக்கூடத்தில் தனிக் காட்சி. 2018ல், தம்முடைய 92வது வயதில், அதே கலைக்கூடம் நடத்தும் கார்னகி இன்டர்நேஷனல் பெருங்காட்சியில் இடம். 2022ல் பாரிஸ் நகரத்து டெலக்ரா அருங்காட்சியகத்தின் தோட்டத்தில் அவருடைய உருவங்கள். இறைவா, நீ யாரை எந்தக் கடை வாசலில் வைத்து ஆட்கொள்வாய் என்று யாருக்குத் தெரியும்!

நான் சிவனடியான். இதை அடியானாகவே எழுதுகிறேன்.

2023 கோடையில் டல்லஸில் மகள் வீட்டில் இருந்தேன். அந்த ஊர் வெயிலில் வெளியே நடமாட முடியாது. ஒரு மதியம் மகள் என்னை நாஷர் சிற்ப மையத்துக்குக் கூட்டிப்போனாள். பால்டிமோர் கலைக்கூடத்தில் தொடங்கி, லாஸ் ஏஞ்சலஸ் வழியாக, மோஸ்லியின் மரச்சிற்பங்கள் அங்கே வந்து சேர்ந்திருந்தன. காட்சிக்கு ‘ஃபாரஸ்ட்’ என்று பெயர். காடு! வெட்டுண்ட மரங்கள் மறுபடி எழுந்து நின்ற காடு.

ஒவ்வொன்றும் கீழே சிறுத்து மேலே பெருத்து நின்றது. ஒரு மெலிந்த தண்டு. அதன்மேல் தோள் புடைத்த ஒரு கட்டை. அதற்கும் மேலே, ஓரத்தை மட்டும் பற்றிக்கொண்டு, வெளியை நோக்கி நீண்ட இன்னொரு கட்டை. விழுந்துவிடுமோ என்று நெஞ்சு பதறியது. விழவில்லை. எத்தனை எடை! அத்தனை எடையும் காற்றில் ஊன்றி நின்றது. நான் ஓர் அடி நகர்ந்தால் உருவம் மாறியது. முன்னால் நின்றபோது குனிந்து வணங்கியது. பக்கவாட்டில் வந்தபோது எம்பிக் குதிக்கப் போனது. பின்னால் போனபோது எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தனக்குள் பாடியது. எங்கே நின்று பார்த்தால் முழுமையாகப் பார்த்ததாகும்? அப்படி ஓர் இடமே இல்லை. கால் நடக்கச் சொன்னது, கண் நிற்கச் சொன்னது, இரண்டுக்கும் நடுவில் நான் தவித்தேன்.

பிறகு கிட்டப் போனேன். மரத்தின் மேனியெங்கும் உளித்தடங்கள். அவற்றை மோஸ்லி தேய்த்து மழுப்பவில்லை, வழவழப்பாக்கவில்லை. சில இடங்களில் தடங்கள் சிறிதாக, நெருக்கமாக, மூச்சுவிடாமல் ஓடின. சில இடங்களில் அகன்று நிதானித்தன. திடீரென்று நின்றன. வெறும் மரம் கொஞ்சதூரம். மறுபடி தொடங்கின. ஒவ்வொரு தடமும் உளியின் தலையில் கொட்டாப்புளி விழுந்த ஓர் அடி! ஆயிரமாயிரம் அடிகள் மரத்தில் எழுதப்பட்டு என் கண்ணெதிரே நின்றன. அந்த வரிசையைக் கண்ணால் தொடர்ந்து போகப் போக என் வலது கை தானாக இடது உள்ளங்கையில் விழத் தொடங்கியது. எப்போது தொடங்கியது என்று எனக்கே தெரியாது.

“அப்பா, என்னாச்சு? உக்காரணுமா?” என்று மகள் பதறினாள்.

“வேண்டாம்மா. தாளம் கேக்குது.”

அவள் அந்த மரத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஒன்றும் பேசாமல் என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

கண்ணில் நீர் முட்டியது. மெய் சிலிர்த்தது. வாய் தானாக ஐந்தெழுத்தைச் சொன்னது. கையில்லாத, காலில்லாத, முகமில்லாத ஒரு மரத்தின் முன்னால் ஏன் இப்படி ஆனேன்? விடை என் பிறப்பிலேயே இருக்கிறது. உருவம் என்றும் சொல்ல முடியாத, அருவம் என்றும் சொல்ல முடியாத இலிங்கத் திருமேனியின் முன்னால் சிறு வயது முதல் நின்றவன் நான். அருவுருவம் என்று பெரியோர் சொன்னதைப் பாடமாகக் கேட்டிருக்கிறேன், கருவறையில் கண்டிருக்கிறேன். முகம் இருந்தால் அந்த முகத்தோடு பார்வை நின்றுவிடும். முகம் இல்லாத இடத்தில் எல்லாப் பக்கமும் முகமாகிவிடுகிறது. மோஸ்லியின் மரத்தில் மனித உருவம் இல்லை. ஆனால் நிமிர்தல் இருந்தது, சாய்தல் இருந்தது, தாங்குதல் இருந்தது, தாங்கப்படுதல் இருந்தது. ஓர் உயிர் இன்னோர் உயிரைச் சுமக்கும் பாரமும் பரவசமும் இருந்தன. கண் மூக்கு வைத்துச் செதுக்கியிருந்தால் யாரோ ஒருவருடைய பாரமாகப் போயிருக்கும். அங்கே நின்றது என் பாரமும் உங்கள் பாரமும்.

அவர் வேலை செய்யும் விதத்தைப் பின்னர் படித்தும், படச்சுருள்களில் பார்த்தும் அறிந்தேன். வால்நட், செர்ரி, சைகமோர். பெரும்பாலும் இந்த மூன்று மரங்கள்தான். வால்நட் மீது அவருக்குத் தனிப் பிரியம். தாளில் வரைந்து பார்ப்பதில்லை, சிறு மாதிரி செய்து பார்ப்பதில்லை. கட்டையைப் பார்ப்பார். அதன் வளைவையும் கணுவையும் கவட்டையும் பார்ப்பார். சாக்குக்கட்டியால் மரத்தின் மேலேயே கோடு இழுப்பார். பிறகு உளி. செதுக்கச் செதுக்க மரம் வேறு வழி காட்டினால் கோட்டை அழித்துவிட்டு மரம் காட்டும் வழியில் போவார். தனித்தனியாகச் செதுக்கிய துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, பொருத்து வெட்டிப் பொருத்தி, எடைக்கு எடை நிறுத்துவார். முன்கூட்டிப் போட்ட படத்தைப் பின்பற்றாமல் போவதுதான் நல்ல ஜாஸின் சாரமும் என்று பேட்டிகளில் அவரே சொல்லியிருக்கிறார்.

ஜாஸ்! பட்டறையில் அவருக்கு ஜாஸ் வேண்டும். பிட்ஸ்பர்க்காரருக்கு அது வெளியிலிருந்து வந்த இசையாக இருக்க முடியாது. பியானோவில் மேரி லூ வில்லியம்ஸ், எரல் கார்னர், அஹ்மத் ஜமால்; முரசில் ஆர்ட் பிளேக்கி, கென்னி கிளார்க்; பாட்டெழுதி இசையமைத்த பில்லி ஸ்ட்ரேஹார்ன். எல்லாரும் அந்த உருக்காலைப் புகையில் பிறந்தோ வளர்ந்தோ வந்தவர்கள். தம் சிற்பம் ஒன்றுக்கு மோஸ்லி ‘டாட்டம் ஸ்கேல்ஸ்’ என்று பெயரிட்டார். பார்வை மிகக் குறைந்தவராகப் பிறந்து, பியானோவின் எண்பத்தெட்டுக் கட்டைகளையும் தம் விரல்களுக்குள் வைத்திருந்த ஆர்ட் டாட்டமுக்கு அது காணிக்கை. கண் தெரியாதவரின் இசைக்குக் காது கேட்காத மரத்தில் உருவம்! இதைவிடப் பெரிய அருச்சனை என்ன இருக்கிறது?

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மகள் காரில் ஜான் கோல்ட்ரேனின் ‘எ லவ் சுப்ரீம்’ இசைத்தட்டைப் போட்டாள். நான் கேட்டிருக்கவில்லை. 1964 டிசம்பர் 9 அன்று, நியூ ஜெர்சியில், உயர்ந்த மரக் கூரை வேய்ந்த ஓர் ஒலிப்பதிவுக்கூடத்தில் நான்கு பேர் சேர்ந்து வாசித்தது. கோல்ட்ரேன் சாக்ஸபோன், மக்காய் டைனர் பியானோ, ஜிம்மி காரிசன் பாஸ், எல்வின் ஜோன்ஸ் முரசு. போதைக்கும் மதுவுக்கும் அடிமைப்பட்டிருந்த கோல்ட்ரேன் 1957ல் கடவுளருளால் மீண்டதாகத் தாமே எழுதியிருக்கிறார். அந்த நன்றிதான் இந்த இசை. நான்கு சுரங்கள் மட்டுமே கொண்ட ஒரு சிறு துணுக்கைப் பாஸ் தொடங்கிவைக்கிறது. கோல்ட்ரேன் அதை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சுருதியாக, பன்னிரண்டு சுருதிகளிலும், வைத்து வைத்து வாசிக்கிறார். எந்தச் சுருதிக்குப் போனாலும் அவனே இருக்கிறான் என்று காட்டுகிறார்! பிறகு குரல் வருகிறது. இசைத்தட்டின் பெயரையே மந்திரமாகத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. கடைசிப் பகுதியில் அவர் எழுதிய துதிப்பாடலை வாயால் பாடவில்லை. சாக்ஸபோனிலேயே, சொல்லுக்குச் சொல், அசைக்கு அசை, ஓதுகிறார்.

அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது மதியம் பார்த்த மரங்கள் மறுபடி கண்முன் எழுந்தன. அங்கே உளித்தடம் ஏன் அப்படி நெருங்கி ஓடிற்று, ஏன் நடுவில் நின்றது, ஏன் மறுபடி தொடங்கிற்று என்பதெல்லாம் புரிந்தது. சொல் இல்லாமல் ஓதுவது அது. தேவாரத்தைப் பண்ணோடு கற்றவன் நான். சொல்லை எடுத்துவிட்டாலும் பண் தொழுதுகொண்டிருக்கும் என்பதை வயலினிலும் நாகசுரத்திலும் உணர்ந்திருக்கிறேன். மரமும் அப்படித் தொழும் என்று அன்றுதான் உணர்ந்தேன்.

மோஸ்லிக்கு இரண்டு ஊற்றுகள் உண்டு என்று எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள். ஒன்று பிரான்குஸி, நோகுச்சி போன்ற இருபதாம் நூற்றாண்டுச் சிற்பிகள். ருமேனியக் கிராமத்திலிருந்து பாரிஸுக்கு வந்த பிரான்குஸி கட்டைமேல் கட்டையாக அடுக்கி வானத்தைத் தொட முயன்றவர். அவரைப் பற்றி நிறையப் பேர் எழுதியாயிற்று. எனக்குச் சொல்ல வேண்டியது மற்ற ஊற்றைப் பற்றித்தான்.

டோகான், செனுஃபோ, பவுலே, பாமும். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து காமரூன் வரை விரிந்து வாழும் இந்த மக்களின் மரச்சிற்பங்களை மோஸ்லி வாழ்நாளெல்லாம் பார்த்தார், படித்தார், தம் வீட்டில் சேர்த்து வைத்தார். அவற்றில் செனுஃபோ மக்களின் ஒருவகைச் சிற்பத்தை நினைத்தால் எனக்கு உடம்பு நடுங்குகிறது. ஐவரி கோஸ்டின் வடபகுதியிலும் அதை ஒட்டிய மாலியிலும் புர்கினா ஃபாசோவிலும் வாழ்பவர்கள் அவர்கள். ஊருக்கு ஊர் புனிதத் தோப்பு உண்டு. அந்தத் தோப்புக்குள் போரோ என்ற சபையில் இளைஞர்கள் தீட்சை பெறுகிறார்கள். சபையைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் இறந்தால், தீட்சை பெற்றவர்கள் ஒரு மரச்சிற்பத்தைத் தூக்கிக்கொண்டு ஊர்வலத்தில் வருவார்கள். நீண்ட கழுத்து, நிமிர்ந்த உடல். உடலை ஒட்டாமல் விலகி இறங்கும் மெலிந்த கைகள். அந்தக் கைகளைப் பிடித்துத்தான் சிற்பத்தைத் தூக்க வேண்டும். அடியில் கனத்த உருண்டைப் பீடம். வாத்திய ஓசைக்கு இசைய அந்தச் சிற்பத்தைத் தூக்கி, வீசி, பூமியில் இடிப்பார்கள். மறுபடி தூக்கி இடிப்பார்கள். இறந்தவரின் உயிர் வழி தவறாமல் மூதாதையர் ஊருக்குப் போய்ச்சேர வேண்டும் என்பதற்காக!

எண்ணிப் பாருங்கள். சிற்பமே வாத்தியம். பூமியே முழவின் தோல். வாய்ச்சியால் ஒரு தச்சன் மரத்தில் அடித்த அடிகள் ஒரு திருமேனியாகி, அந்தத் திருமேனி மண்ணில் அடித்த அடியாகி, அந்த அடி ஓர் உயிருக்கு வழியாகிறது. எங்கே செதுக்குதல் முடிகிறது, எங்கே இசை தொடங்குகிறது, எங்கே வழிபாடு தொடங்குகிறது? ஒரே அடிதான்! ஐரோப்பிய, அமெரிக்க அருங்காட்சியகங்களில் இந்தச் சிற்பங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு வெளிச்சத்தில் நிற்கின்றன. அழகாகத்தான் நிற்கின்றன. ஆனால் பீடம் மண்ணைத் தொட்டு எத்தனை காலமாயிற்று! மாலியின் பமானா மக்களுடைய சிவாரா என்ற மான் தலைக் கிரீடமும் அப்படித்தான். கீழே தொங்கிய நார் உடை இல்லை, குனிந்து இரண்டு கோல்களை ஊன்றி ஆடிய ஆட்டக்காரன் இல்லை, வயல் இல்லை. உற்சவமூர்த்தியைச் சப்பரத்திலிருந்து இறக்கிப் பூட்டி வைத்த வருத்தம் எனக்கு. மோஸ்லி அந்தச் சிற்பங்களைப் பார்த்துப் படி எடுக்கவில்லை. முகத்தையும் கொம்பையும் கடன் வாங்கவில்லை. அவற்றுக்குள் இருந்த அடியை எடுத்துக்கொண்டார். பெட்டிக்குள் நின்றுபோன இடியைத் தம் உளியில் மறுபடி எழுப்பினார். அதனால்தான் அவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

அந்த அடி அமெரிக்காவுக்கு வந்த வழி கொடியது. சங்கிலியில் வந்தது. 1739ல் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைப்பட்ட மக்கள் முரசு முழக்கிக்கொண்டு விடுதலை நோக்கிக் கிளம்பினார்கள். எழுச்சியை ரத்தத்தில் அடக்கிய பிறகு, 1740ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. அடிமைகள் முரசு வைத்திருக்கக் கூடாது, கொம்பு ஊதக் கூடாது. முரசைப் பிடுங்கிவிட்டார்கள். தாளத்தை என்ன செய்ய முடியும்? அது உள்ளங்கைக்குப் போயிற்று. பாதத்துக்குப் போயிற்று. தரைப் பலகைக்குப் போயிற்று. ஜார்ஜியா, தென் கரோலினாக் கடலோரத்தில் ‘ரிங் ஷவுட்’ என்று ஒரு வழிபாடு உண்டு. பாட்டைத் தொடங்குகிறவர் ஒருவர், எடுத்துப் பாடுகிறவர்கள் பலர். அடியார்கள் வட்டமாகச் சுற்றி வருவார்கள். பாதம் தரையை விட்டு எழும்பாமல், கால் மேல் கால் குறுக்கிடாமல், இழைத்து இழைத்து நகர்வார்கள். ஜார்ஜியாவின் மக்கின்டாஷ் கவுண்டியில் இன்றும் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து துடைப்பக் கட்டையால் மரத்தரையில் இடித்துத் தாளம் போடுகிறார். மரம் மரத்தில் இடிக்க, மனிதர் சுற்றிவர, ஆண்டவன் இறங்குகிறான்! செனுஃபோ ஊர்வலத்துக்கும் அந்தத் துடைப்பக் கட்டைக்கும் நேர்க்கோடு இழுத்துக் காட்டச் சொன்னால் வரலாற்றாசிரியர்கள் தயங்கலாம். என் காதுக்குத் தயக்கமில்லை.

அந்தச் சுற்று நம் கோயில் பிரகாரத்தில் வலம் வருவதுபோல் வருவதில்லை. கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் வருவார்கள். இதை அறிந்தபிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுபடி நாஷருக்குப் போனேன். முதல் நாள் நான் பழக்கத்தில் வலமாகச் சுற்றியிருந்தேன். பிரதோஷ நாளில் சிவன் கோயிலில் சோமசூத்திரப் பிரதட்சிணம் செய்வோம் அல்லவா? வலமாகப் போய், கோமுகியைத் தாண்டாமல் திரும்பி, இடமாக வந்து, இரண்டு திசையிலும் ஈசனைச் சுற்றுவோம். அந்தச் சிற்பங்களை அப்படிச் சுற்றினேன். வலமாக என் முன்னோருக்காக. இடமாக, முரசு பிடுங்கப்பட்ட அந்த மக்களுக்காக. இடமாகச் சுற்றும்போது பாதத்தைத் தூக்காமல் இழைத்து நடந்தேன். ஐயா! மரம் திரும்பியது! வலமாக வந்தபோது எழும்பிய வளைவெல்லாம் இறங்கியது, இறங்கியதெல்லாம் எழும்பியது. மூச்சு வாங்கியது எனக்கு. நின்று, ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, நமசிவாய, நமசிவாய என்று சொன்னேன். யார் பார்த்தார்கள், என்ன நினைத்தார்கள் என்ற எண்ணமே எழவில்லை.

அந்தக் கடலோரத்திலேயே, மக்கின்டாஷுக்கு வடக்கே லிபர்ட்டி கவுண்டியில், சன்பரி என்ற இடத்தில் கறுப்பின மக்களின் பழைய இடுகாடு இருக்கிறது. சைரஸ் போவன்ஸ் என்பவர் தம் குடும்பத்தாரின் புதைகுழிகளுக்கு மரத்தில் நடுகுறிகள் செதுக்கி வைத்தார். 1940ல் வந்த ‘ட்ரம்ஸ் அண்ட் ஷேடோஸ்’ என்ற நூல் அவற்றைப் பதிந்து வைத்திருக்கிறது. வட்டத் தலையோடு மெலிந்து நிமிர்ந்த ஒன்று, பாம்பாக நெளிந்த ஒன்று. பெரிய பள்ளிக்கூடம் எதுவும் கற்றுத்தராத கலை. துக்கம் கற்றுத்தந்தது, கடல் கடந்து வந்த நினைவு கற்றுத்தந்தது. மோஸ்லி அந்தக் குறிகளை உள்ளத்தில் வாங்கி ‘ஜார்ஜியா கேட்’ என்ற பெயரில் சிற்பங்கள் செய்தார். வாசல் என்று பெயர் வைத்தாரே, அந்த மனசைக் கும்பிட வேண்டும்! புதைகுழியின் தலைமாட்டில் நின்ற குறி அவர் கையில் வாசலாகிவிட்டது. உள்ளே போனவர்கள் வெளியே வரவும், வெளியே நிற்பவர்கள் உள்ளே எட்டிப் பார்க்கவும் ஒரு வழி. மார்க்கண்டேயனுக்குக் கதவு திறந்தவனை வணங்குகிறவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பிற்காலத்தில் மோஸ்லியின் மரங்களிலிருந்து அச்சு எடுத்து வெண்கலத்திலும் வார்த்தார்கள். 2025ல் நியூயார்க் நகராட்சி மாளிகைப் பூங்காவில் அப்படி வார்த்தவற்றை வைத்திருந்தார்கள். படங்களில் பார்த்தேன். உளித்தடம் ஒவ்வொன்றும் உலோகத்தில் வந்திருக்கிறது. மழையும் வெயிலும் தாங்கி நிற்க வெண்கலம் வேண்டியதுதான். ஆனாலும் என் உள்ளம் மரத்தையே கேட்கிறது. வெடிப்பு விட்ட மரம், கணு உள்ள மரம், ஒரு காலத்தில் இலை துளிர்த்த மரம், என்னைப்போல ஒருநாள் உளுத்துப் போகக்கூடிய மரம். அழியக்கூடிய ஒன்றில் அழியாதவன் வந்து நின்றதுதான் எனக்கு அருளாகத் தெரிந்தது. வெண்கலம் என்னிடம் இரங்க வேண்டியதில்லை. மரம் இரங்கிற்று.

நம்மவர்கள் பிட்ஸ்பர்க் போவது பெரும்பாலும் 1970களில் பென் ஹில்ஸில் எழுந்த வேங்கடவன் கோயிலைச் சேவிக்கத்தான். அமெரிக்காவில் ஆகம முறைப்படி முதலில் எழுந்த கோயில்களில் ஒன்று அது. அதே நகரத்தின் நடுவில் ஹில் டிஸ்ட்ரிக்ட் என்ற மேட்டுப்பகுதி இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே வைலி அவென்யூவில் இரவெல்லாம் ஜாஸ் ஒலிக்கும். கிராஃபோர்டு கிரில் என்ற உணவுவிடுதிக்கு வராத பெரிய வித்துவான் இல்லை. 1956ல் தொடங்கி, நகரச் சீரமைப்பு என்ற பெயரில் மேட்டின் கீழ்ப்பகுதியை இடித்தார்கள். 95 ஏக்கர். சுமார் 8000 பேர் வீடிழந்தார்கள். அந்த இடத்தில் ஒரு பெரிய விளையாட்டரங்கம் கட்டி 1961ல் திறந்தார்கள். பின்னாளில் அந்த அரங்கத்தையும் இடித்துவிட்டார்கள். பாட்டும் போய், வீடும் போய், இடித்தவர்கள் கட்டியதும் போயிற்று.

அந்த மேட்டுக்காக, சென்டர் அவென்யூவும் டின்விடி தெருவும் சந்திக்கும் முனைக்காக, மோஸ்லி செடார் மரத்தில் ஒரு சிற்பம் செய்தார். ‘ஃபீனிக்ஸ்’ என்று பெயர், சாம்பலிலிருந்து எழும் பறவை. கடையில் பார்த்த தேக்குப் பறவை இத்தனை ஆண்டில் எவ்வளவு வளர்ந்துவிட்டது பாருங்கள்! காசு கொடுத்து நுழையும் கூடத்துக்காகச் செய்யவில்லை. பேருந்துக்கு நிற்கிறவர்கள், பள்ளி விட்டு வரும் பிள்ளைகள், மருந்து வாங்கப் போகும் பாட்டிமார் பார்க்கத் தெருவுக்காகச் செய்தார். வேங்கடவனைச் சேவித்துவிட்டு வருகிறவர்கள் ஹில் டிஸ்ட்ரிக்டுக்கும் ஒரு நடை போய்வாருங்கள். அடுத்த முறை கடல் கடக்க ஈசன் எனக்கு அருளினால் நான் முதலில் போய் நிற்கப்போவது அந்தத் தெருமுனையில்தான். ஒரு தேங்காயும் கொஞ்சம் கற்பூரமும் கொண்டுபோக எனக்கு ஆசை. அந்த ஊர் அனுமதிக்காது என்றால் கையைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டு, இரண்டு திசையிலும் சுற்றிவிட்டு வருவேன்.